சட்டத்தைக் கையில் எடுத்தவன்

பாரிமுனையில் இரண்டு வகைச் சட்டங்கள் கிடைக்கும். ஒன்று உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடத்தில். 1892-லிருந்து அங்கே கிடைக்கிறது. இன்னொன்று அங்கிருந்து பொடிநடையாகப் போனால் வரும் தேவராஜ முதலி தெருவில். அடிக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்கள். முதல் வகையிடம் மாட்டாமல் வங்கியில் முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இரண்டாவது வகையிடம் போன தீபாவளிக்கு மாட்டிக்கொண்டேன்.

விஷயம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தொடங்கியது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கீழே கார் நிறுத்தும் இடத்தில் கைவினைப் பொருள் விற்பனை. மேஜை ஒன்றுக்கு வாடகை 500 ரூபாய். வீட்டில் கையால் செய்த பொருளாக இருக்க வேண்டும். செய்தி வந்த ஐந்தாவது நிமிஷம் என் மனைவி பெயர் கொடுத்துவிட்டாள். அவளுடைய தீபாவளி லேகியத்துக்கு மூன்று பிளாக்கிலும் பெயர் உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம் எல்லாவற்றையும் இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் கொட்டிக் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றி ஊற்றி, ஆறியதும் தேன் விடுவாள். பண்டிகை நாளை நினைத்து மைசூர்பாகு வாங்குகிறவர்கள், மறுநாளை நினைத்து இதை வாங்குவார்கள். மனித வயிற்றின் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்த வியாபாரம் தோற்றதாகச் சரித்திரம் இல்லை.

"நாற்பது பாட்டில்தான் வைக்கப்போறேன். பாதி மேஜை சும்மாதான் கிடக்கும்" என்றாள்.

அவள் சும்மாதான் சொன்னாள். எனக்குத்தான் அது அழைப்பாகக் கேட்டது.

ஓய்வுப் பணத்தில் நான் செய்த ஒரே ஊதாரிச் செலவு ஒரு கேமரா. நான்கு வருஷத்தில் அதில் பதினோராயிரம் படம் எடுத்திருக்கிறேன். அத்தனையும் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்கில் தூங்குகின்றன, லாக்கரில் வைத்துச் சாவியைத் தொலைத்த நகை மாதிரி. அவற்றில் நல்லதாகப் பன்னிரண்டைப் பொறுக்கி, பிரின்ட் போட்டு, சட்டம் மாட்டி, பாதி மேஜையில் நிறுத்தினால் என்ன?

"கையால் செஞ்சதா இருக்கணும்னு போட்டிருக்காங்களே. போட்டோவைக் கையாலயா செய்றீங்க?"

"விரலால்" என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. அவள் சிரிக்காமல் இருந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பதினோராயிரத்தில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுப்பது வரன் பார்ப்பதைவிடக் கஷ்டம். வரனிலாவது எதிர்த்தரப்பும் நம்மை நிராகரிக்கும்; வேலை பாதி குறையும். இங்கே எல்லாமே என் பிள்ளைகள். பெங்களூரில் இருக்கும் மகளை வீடியோ அழைப்பில் நடுவராக உட்கார வைத்தேன்.

"அப்பா, இதுல நானூறு படம் ஒரே கொக்கு."

"கொக்கு இல்லம்மா, பூநாரை. பள்ளிக்கரணை. 2022-ல் ராம்சார் பட்டியல்ல சேர்ந்த சதுப்புநிலம்."

"சேர்ந்தது சதுப்புநிலம்தானே? கொக்கு ஒண்ணு போதும்."

இப்படியாக இரண்டு இரவு கழிந்ததில் பட்டியல் தேறியது. பள்ளிக்கரணைப் பூநாரை ஒன்று. காசிமேட்டில் சூரியோதயம். செட்டிநாட்டு வீடு ஒன்றின் வேலைப்பாடு மிகுந்த மூடிய கதவு. ஸ்கூட்டர் சீட்டில் தூங்கும் பூனை. இஸ்திரி வண்டிக்காரரின் கரிப்பெட்டியிலிருந்து எழும் புகை. எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் பெரியவர், பல் இல்லாத முழுச் சிரிப்புடன். அவரிடம் கேட்டு, அவர் தலைவாரி, சட்டை மாற்றி வந்த பிறகு எடுத்தது. மயிலாப்பூர் தெப்பக்குளமும் கோபுரமும். இன்னும் ஐந்து.

தெப்பக்குளப் படத்தில் ஒரே ஒரு குறை. குளம் ததும்பி, கோபுரம் தலைகீழாகத் தெரிய, மேலே வானம் மட்டும் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று காலியாக இருந்தது.

"ஒரு மேகம் போட்டுடலாம்பா. ஆப்ல ரெண்டு செகண்ட்" என்றாள் மகள்.

இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. லின்னேயஸ் ட்ரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். தஞ்சாவூர், மதுரைக் கோயில்களை அவர் எடுத்த படங்கள் 1858-ல் தொகுப்புகளாக வெளிவந்தன. அந்தக் காலத்து ரசாயனப் பூச்சுக்கு நீல நிறம் என்றால் ஒரே ஆவேசம். கோபுரம் பதிவதற்குள் வானம் முழுக்க வெந்து வெளுத்துவிடும். ட்ரைப் என்ன செய்தார்? காகித நெகடிவின் மேல் தூரிகையை வைத்து மேகத்தைத் தானே வரைந்துவிட்டார். தஞ்சாவூர்ப் படத்தில் கோயில் ராஜராஜன் கட்டியது; மேகம் ட்ரைப் கட்டியது. நூற்று அறுபது வருஷத்துக்கு முன்பே அந்த ஆப் அவர் சட்டைப்பையில் இருந்திருக்கிறது.

இதை எல்லாம் மகளிடம் சொல்லிவிட்டு, "ஆனால் நான் அப்படிச் செய்ய மாட்டேன். வானத்தில் இல்லாத எதையும் என் படத்தில் சேர்க்க மாட்டேன்" என்று முடித்தேன். இந்த வாக்கியத்தை வாசகர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளவும்.

பிரின்ட் போடும் கடையில் இருந்த பையன் கேட்ட முதல் கேள்வி: "எட்டுக்குப் பத்தா சார்?" சரி என்றேன். திரையில் கட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினான். கட்டத்துக்குள் பூநாரைக்கு முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை. கால் போய்விட்டால் பூநாரை வெறும் ரோஜா நிற வாத்து.

கணக்கு இதுதான். என் கேமரா தரும் படம் மூன்றுக்கு இரண்டு. 35 மி.மீ. பிலிம் காலத்தில் 36-க்கு 24 மில்லிமீட்டர் என்று வகுத்த அளவு. பிலிம் போய்ச் சேர்ந்த பிறகும் அளவு போகவில்லை. செல்போன் படம் பெரும்பாலும் நான்குக்கு மூன்று. எட்டுக்குப் பத்து என்பதோ ஐந்துக்கு நான்கு. எட்டு அங்குல அகலத்துக்கு என் படம் பன்னிரண்டு அங்குல நீளம் கேட்கும். பத்துதான் தருவேன் என்றால் இரண்டு அங்குலம், அதாவது ஆறில் ஒரு பங்கு, வெட்டுப்பட்டே தீரும். வங்கியில் எத்தனையோ கடன் விண்ணப்பங்களில் நானே இப்படி ஆறில் ஒரு பங்கை வெட்டியிருக்கிறேன். கால் போனவர்களின் வேதனை அன்றுதான் புரிந்தது. எட்டுக்குப் பன்னிரண்டாகவே போடச் சொன்னேன். படத்துக்கு 90 ரூபாய்.

வந்த படங்களைப் பார்த்ததும் அடுத்த இடி. வீட்டுத் திரையில் தங்கப் பாளமாகத் தகதகத்த காசிமேட்டுச் சூரியன், தாளில் முந்தாநாள் சாம்பார் மாதிரி இருந்தது. பையன் பொறுமையாக விளக்கினான்: திரை தானே வெளிச்சம் விடும், தாள், அறையில் இருக்கிற வெளிச்சத்தை வாங்கித்தான் காட்டும். அதனால் பிரின்ட்டுக்குக் கொடுக்கும் முன் படத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுக்க வேண்டும். சொந்தப் பணத்தில் வாழ்கிறவனுக்கும் கடனில் வாழ்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கா தெரியாது? எல்லாவற்றையும் வெளுப்பாக்கி மறுபடி போடச் சொன்னேன். பழையதற்குப் பாதி விலை தள்ளுபடி செய்யக் கேட்டேன். பையன் என்னைப் பார்த்த பார்வையில், கேட்காமலே விட்டிருக்கலாம் என்று தோன்றியது. தள்ளுபடி முழுதாகவே செய்துவிட்டான். ஆனால் புதிய படங்கள் சனிக்கிழமை மாலைதான் கிடைக்கும் என்றான். ஞாயிறு காலை விற்பனை. ஆக, சட்டத்தை முன்பே வாங்கிவந்து, படத்தை நானே உள்ளே பொருத்த வேண்டும்.

தேவராஜ முதலி தெருவுக்குப் போகிறவர்கள் தலைவாரிக்கொண்டு போவது நல்லது. கடைக்குக் கடை வாசலில் நிலைக்கண்ணாடிகள். நூறு அடி நடப்பதற்குள் நம் வயிற்றை நாற்பது கோணத்தில் பார்த்துவிடுகிறோம். கண்ணாடிகளுக்கு நடுவே முருகன்கள், லட்சுமிகள், மெக்கா, வேளாங்கண்ணி மாதா எல்லாரும் சுவரோடு சுவராகச் சாய்ந்து, போக வேண்டிய வீட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு கடையில், மூலைத் துண்டுகள் வரிசையாகத் தொங்கும் சுவருக்குக் கீழே, வெள்ளைத் தாடியுடன் பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். செல்போனில் என் படங்களைக் காட்டினேன். பூக்காரர் படத்தில் நிறுத்தினார்.

"அப்பாங்களா சார்?"

"இல்ல பாய். எங்க தெருவுல பூ விக்கிறவர்."

"எப்ப தவறினார்?"

"நல்லாத்தான் இருக்கார். காலையிலகூட மல்லி வாங்கினேன்."

பாய் செல்போனிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தார். "அப்ப எதுக்கு சார் ஃப்ரேம்?"

எந்தக் கலை விமர்சகனும் இதைவிட ஆழமாகக் கேட்டுவிட முடியாது. அவர் மேலும் சொன்னார்: "நாற்பது வருஷமா தொழில்ல இருக்கேன். நம்ம ஊர் சுவர்ல ஏறுறது ரெண்டே பேருதான் சார். ஒண்ணு சாமி, இன்னொண்ணு சாமிகிட்ட போனவங்க. கல்யாண போட்டோகூட இப்ப ஆல்பத்துக்குப் போயிடுச்சு."

யோசித்துப் பார்த்தால் உண்மை. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் போட்டு லட்சுமியையும் சரஸ்வதியையும் அச்சடித்து வெளியிட்ட பிறகுதான், கோயிலில் இருந்த சாமி சட்டத்துக்குள் நம் வீட்டுச் சுவரில் சாதாரணமாக ஏறினார். அப்புறம் கோவில்பட்டி கொண்டைய ராஜு. 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்த அந்த மனிதரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசிக் காலண்டர்களாகத் தமிழ்நாடு முழுக்கப் போனார்கள். வருஷம் முடிந்ததும் தேதித்தாள் போய்விடும். சாமி போக மாட்டார். கீழே இருக்கும் ஜவுளிக்கடை விளம்பரத்தை வெட்டிவிட்டு, அவரை மட்டும் சட்டம் போட்டு மாட்டுவார்கள். எங்கள் வீட்டுப் பழனியாண்டவர்கூட 1983-ஆம் வருஷத்து உரக்கடை காலண்டர்தான். உற்றுப் பார்த்தால் அவர் திருவடிக்குக் கீழே 'யூரியா'வின் மேல்பாதி இன்னும் தெரியும். இப்படி ஒரு சுவரில், ஸ்கூட்டர் சீட்டில் தூங்கும் பூனைக்கு நான் இடம் கேட்கிறேன்.

ஆனாலும் பாய் தொழிலை விட்டுக்கொடுக்கவில்லை. படம் எட்டுக்குப் பன்னிரண்டு. சுற்றிலும் இரண்டு அங்குலம் வெள்ளை மவுண்ட். ஆக வெளி அளவு பன்னிரண்டுக்குப் பதினாறு. சுற்றளவு ஐந்து அடிக்குக் கொஞ்சம் குறைவு. "மூலையில நாற்பத்தஞ்சு டிகிரி வெட்டணும் சார். அதுல சேதாரம் போகும். ஆறு அடி கணக்கு." செய்கூலி, சேதாரம் எல்லாம் நகைக்கடையோடு போயிற்று என்று நினைத்திருந்தேன். கண்ணாடி, மவுண்ட், பின்பலகை, கொக்கி எல்லாம் சேர்த்து ஒன்று 420 ரூபாய்.

"மவுண்ட் இல்லாம போட்டா குறையுமா பாய்?"

"குறையும். அடுத்த மழைக்குப் போட்டோவும் குறையும்" என்றார். பிறகு ஒரு பழைய சட்டத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். யாரோ ஒரு தாத்தா. முகத்தின் வலது பாதி தாளில் இருந்தது. இடது பாதி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. "போட்டோவும் கண்ணாடியும் தொடக் கூடாது சார். ஈரம் இறங்குச்சுன்னா பசை மாதிரி பிடிச்சுக்கும். நடுவுல மவுண்ட் இருந்தா காத்து நிக்கும். காத்து இருந்தா உசிரு இருக்கும்."

இந்தக் கடைசி வாக்கியத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தை ஒட்டும் முறையையும் சொல்லிக்கொடுத்தார். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் டேப் போட்டு, படத்தைத் தொங்கவிட வேண்டும். நாலு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் தாள் உப்பி, போக வழியில்லாமல் அலை அலையாக நிற்கும். பிறகு கண்ணாடி, மவுண்ட், படம், பின்பலகை என்று வரிசையாக வைத்து, சின்ன ஆணி அறைந்து, விளிம்பெல்லாம் பழுப்பு டேப் ஒட்டிப் பூச்சி போகாமல் அடைக்க வேண்டும். "வெயில் விழுற சுவர்ல மாட்ட வேணாம்னு வாங்கறவங்ககிட்ட சொல்லுங்க. கலர் போயிரும்." வாங்குகிறவர்கள் என்று அவர் பன்மையில் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமை இரவு. சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியில் லேகிய உருளி, பாட்டில்கள், கரண்டி, தேன் ஜாடி. மறு பாதியில் நான், பன்னிரண்டு சட்டம், பன்னிரண்டு படம், பழைய செய்தித்தாள், ஒரு சுத்தியல்.

கண்ணாடி துடைப்பதைப் போலத் தத்துவம் கற்றுத்தரும் வேலை வேறில்லை. இந்தப் பக்கம் துடைத்தால் அழுக்கு அந்தப் பக்கம் இருக்கும். அந்தப் பக்கம் துடைத்தால் இந்தப் பக்கம் விரல் ரேகை விழும். இரண்டும் சுத்தமாகி, எல்லாவற்றையும் அடுக்கி, ஆணி அறைந்து, டேப் ஒட்டி, திருப்பிப் பார்த்தால் பூநாரையின் கழுத்தில் ஒரு முடி. என் தலையில் மிச்சம் இருப்பதே எண்ணி எடுக்கிற அளவு. அதில் ஒன்று தன்னைக் கலைக்கு அர்ப்பணிப்பதுபோல் உள்ளே போய்ப் படுத்திருந்தது. டேப்பைக் கிழித்து, ஆணி பிடுங்கி, ஊதி, மறுபடி அடைத்தேன். முதல் படத்துக்கு ஐம்பது நிமிஷம். ஏழாவது வரும்போது கை பழகி இருபது நிமிஷம் ஆனது. பன்னிரண்டாவதாகத் தெப்பக்குளத்தை மூடி, டேப்பின் கடைசி ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துத் திருப்பியபோது மணி ஒன்றரை.

வானத்தில் ஏதோ நடந்துகொண்டிருந்தது.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தேன். எறும்பு. கறுப்பு எறும்பு. மவுண்டின் ஓரமாக இறங்கி, குளத்தங்கரைப் படியில் கொஞ்சம் நின்று, கோபுரத்தின் மேல் ஏறத் தொடங்கியது. லேகியத்துக்கு வந்தது, வழி தவறிக் கலைக்குள் நுழைந்துவிட்டது. பாய் சொன்ன காற்று அதற்கும் போதுமானதாக இருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். நின்றது, மீசையை ஆட்டியது, மறுபடி நடந்தது.

"என்னங்க, மணி என்ன? படுங்க" என்று உள்ளேயிருந்து குரல்.

"உள்ள எறும்பு போயிடுச்சு."

தூக்கக் கலக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். "பிள்ளையார் எறும்புங்க. கடிக்காது, ஒண்ணும் பண்ணாது. வந்த வழியில அதுவே போயிடும். விளக்கை அணைங்க."

வந்த வழியை நான்தான் பழுப்பு டேப் போட்டு மூடிவிட்டேன் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. விளக்கை அணைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தூறல். கார் நிறுத்தும் இடத்தில், ஜெனரேட்டர் அறையை ஒட்டி எங்கள் மேஜை. வலப்பக்கம் பட்டுநூல் வளையல், இடப்பக்கம் வண்ணம் தீட்டிய அகல்விளக்கு, எதிரே நைட்டி. படங்களை விலைச்சீட்டுடன் நிறுத்தினேன்: 899 ரூபாய். 900 என்றால் ஜனங்கள் பயப்படுவார்கள் அல்லவா? தெப்பக்குளத்தைக் கடைசியாக எடுத்துப் பார்த்தேன். எறும்பு போகவில்லை. கோபுரக் கலசத்துக்கு மேலே, வெள்ளை வானத்தின் நடுவில், கால்களை இரண்டு பக்கமும் விரித்தபடி அசையாமல் இருந்தது. இரவோடு இரவாகச் சிவலோகம் சேர்ந்துவிட்டது. பிரிக்க நேரமில்லை. பின்வரிசையில் வைத்தேன்.

முதல் வாடிக்கையாளருக்கு ஐந்து வயது. பூனைப் படத்தின் மேல் இரண்டு விரலை வைத்து விரித்தான். பூனை பெரிதாகவில்லை. மறுபடி விரித்தான். "அங்கிள், இது ஹேங் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான். கண்ணாடியில் பத்து விரல் ரேகை.

அடுத்து ஓர் இளம் தம்பதி. சூரியோதயத்தை அந்தப் பெண் அவ்வளவு ஆசையாகப் பார்த்தாள். கணவன் காதில் சொன்னான்: "ஆணி அடிக்கணுமே." அதோடு சூரியன் அஸ்தமித்தது. 2001-ல் 'ப்ரண்ட்ஸ்' படம் வந்த நாளிலிருந்து ஆணி என்றாலே தமிழ்நாடு வடிவேலுவை நினைத்துச் சிரிக்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவன் மட்டும் வீட்டுக்காரரை நினைத்து அழுகிறான். ஆணிக்கு இவ்வளவு என்று அட்வான்ஸில் கழிக்கிற ஊரில் படம் விற்க வந்தேனே என்று அப்போதுதான் உறைத்தது. சொந்த வீட்டுக்காரர்களுக்கோ சுவரில் இடமில்லை. பாய் சொன்ன இரண்டு தரப்பும் ஏற்கெனவே குடியேறிவிட்டார்கள்.

செட்டிநாட்டுக் கதவை ஓர் அம்மாள் எடுத்த வேகத்தில் வைத்தார்: "நல்ல நாளும் அதுவுமா மூடின கதவா வீட்டுக்குள்ள கொண்டுபோறது?" பி பிளாக் வாஸ்து நிபுணர் ஒருவர், பறக்கிற பறவை வீட்டில் இருந்தால் பணம் பறக்கும் என்றார். "இது நிக்குது சார்" என்றேன். "ஒத்தைக் காலில் நிக்குதே, குடும்பம் எப்படி நிக்கும்?" என்றார். இன்னொருவர் எல்லாப் படத்தையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எந்த போன்ல எடுத்தீங்க?" என்றார். கேமரா என்றேன். "ஓ" என்று அனுதாபத்துடன் நகர்ந்தார். பூக்காரர் படத்தைப் பார்த்தவர்களில் நான்கு பேர் குரலைத் தாழ்த்தி, "எப்ப நடந்தது?" என்று விசாரித்தார்கள். ஒருவர் என் கையைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசாமல் நின்றார்.

பதினொரு மணிக்கு முதல் விற்பனை. "இந்த ஃப்ரேம் ரொம்ப நல்லா இருக்கு. போட்டோவை எடுத்துட்டு ஃப்ரேம் மட்டும் கொடுப்பீங்களா? மாமனார் படம் போடணும்." சுயமரியாதை ஒரு நிமிஷம் போராடியது. 500 ரூபாய்க்குக் கொடுத்தேன். பேச்சுப் பரவி இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்குச் சீரடி பாபா, ஒருவருக்குக் காலமான பெரியப்பா. மூன்று சட்டத்தை அவர்கள் எதிரிலேயே பிரித்து, என் படங்களை உருவி, உள்பக்கம் துடைத்துக் கொடுத்தேன். இப்போது கை நன்றாகப் பழகியிருந்தது. ஒன்றுக்கு நான்கு நிமிஷம். பக்கத்தில் லேகியம் முப்பத்தெட்டாவது பாட்டிலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

ஒரு மணி வாக்கில் மூன்றாம் மாடி மாமி வந்தார். லேகியம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டவர், பின்வரிசையைப் பார்த்து அப்படியே நின்றார். தெப்பக்குளத்தை இரண்டு கையாலும் தூக்கினார்.

"சார்! கருடன்!"

"எங்க மாமி?"

"கலசத்துக்கு மேலே! றெக்கையை விரிச்சுண்டு! கும்பாபிஷேகத்தன்னிக்கு எடுத்தேளா? எத்தனை பேர் நாள்பூரா அண்ணாந்து பார்த்துண்டு நிப்பா, கிடைக்காது. உங்களுக்குக் கிடைச்சிருக்கே!"

என் தொண்டை அடைத்தது. வானத்தில் இல்லாத எதையும் சேர்க்க மாட்டேன் என்று மகளிடம் சொன்ன வாய் இது. ட்ரைப்பாவது மேகத்தைத் தெரிந்து வரைந்தார். முப்பத்தெட்டு வருஷம் ஒரு பைசா கணக்குப் பிசகாமல் இருந்தவன், எறும்பைக் கருடன் என்று விற்பதா? மனைவியைப் பார்த்தேன். அவள் மும்முரமாகச் சில்லறை எண்ணினாள். ஒரே பத்து ரூபாய்த் தாளை மூன்று முறை எண்ணினாள்.

"மாமி, அது கருடன் இல்லை. எறும்பு. ராத்திரி உள்ளே போயிடுச்சு."

மாமி வாய்விட்டுச் சிரித்தார். "தன்னடக்கத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா சார்? எனக்குக் கேட்டராக்ட் பண்ணி மூணு மாசம்தான் ஆறது, புது லென்ஸ். இப்பல்லாம் எனக்கு எறும்புகூட எறும்பாத் தெரியும்!" 899 ரூபாய்க்குத் தொள்ளாயிரமாகக் கொடுத்து, மீதி ஒரு ரூபாயை உண்டியலில் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் கணக்குப் பார்த்தேன். சட்டம் 5,040; பிரின்ட் 1,080; ஆட்டோ 380; மேஜை வாடகையில் என் பாதி 250. மொத்தம் 6,750 ரூபாய். வரவு: சட்டம் மட்டுமாக 1,500, கருடன் 899, ஆக 2,399. நஷ்டம் 4,351. உண்டியலுக்குரிய ஒரு ரூபாய் தனி. மனைவி நாற்பது பாட்டிலும் விற்று 6,000 ரூபாயை ரப்பர் பேண்டு போட்டு வைத்தாள். "உங்க சட்டத்துல ஓட்டை இருக்குங்க" என்றாள். நியாயமான தீர்ப்பு.

மறுநாள் பூக்காரர் படத்தை அவருக்கே கொடுக்கலாம் என்று எடுத்துப் போனேன். நூலை விரலிலிருந்து கழற்றிவிட்டு, படத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ரொம்ப நல்லா விழுந்திருக்கு சார். ஆனா வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சட்டம் போட்டு மாட்டினா, மருமக மாலையும் போட்டுருவா. நான்தான் கட்டிக் கொடுக்கணும்." சிரித்தார், படத்தில் இருக்கும் அதே சிரிப்பு. "நீங்களே பத்திரமா வச்சிருங்க. எப்படியும் ஒரு நாள் கேட்டு வருவாங்க."

இப்படி எட்டு சட்டங்கள் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் முன்பதிவு ஆகியிருக்கிறது.

கார்த்திகை தீபத்தன்று பொரியுருண்டை கொடுக்க மாமி கூப்பிட்டார். போனேன். "வாங்கோ, உங்க படத்தை எங்க வச்சிருக்கேன் பாருங்கோ" என்று நேரே பூஜை அறைக்குள் அழைத்துப் போனார். பெருமாளுக்கும் காஞ்சிப் பெரியவருக்கும் நடுவில், புது ஆணியில், தெப்பக்குளம். மேலே மல்லிகைச் சரம். கண்ணாடியின் மேல் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். சரியாக எறும்பு இருந்த இடத்தில், இம்மியும் விலகாமல்.

பதினோராயிரம் படம் எடுத்தவனின் ஒரே ஒரு படம் சுவர் ஏறியிருக்கிறது. அதுவும் பாய் சொன்ன சட்டப்படிதான் ஏறியிருக்கிறது. பக்கத்தில் மாமி கண்மூடிக் கைகூப்பி நின்றார். என்ன செய்வதென்று எனக்கு ஒரு நிமிஷம் ஓடவில்லை. பிறகு, மனைவி அன்றிரவு சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டு கை முஷ்டியையும் மடக்கி, நெற்றிப்பொட்டில் மூன்று முறை குட்டிக்கொண்டேன்.

மாமி கண்ணைத் திறந்து பார்த்தார்.

"என்ன சார் இது? கருடனுக்குப் போய் யாராவது குட்டிப்பாளோ?"